புதுத் தொட்டி, அவரவர் ஊர்த் தண்ணீர்

மடிப்பாக்கம், சென்னை

தங்கை வீட்டில் கொளத்தூர் போய் இரண்டடித் தொட்டியும் ஆறு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கி வந்தார்கள். அந்த வாரமே போன். "அண்ணா, தண்ணி பளிச்சுனுதான் இருக்கு, மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது."

போய்ப் பார்த்தால் செவுள் ஓரம் சிவந்திருந்தது. ஒன்று துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் கிடந்தது. டெஸ்ட் கிட் சொட்டு விட்டதும், மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது. அமோனியா! கண்ணுக்குத் தெரியாது, பளிச்சென்ற தண்ணீரிலும் இருக்கும்.

மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் இன்னொரு வம்பு. பிடித்தவுடன் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7.2 காட்டும், ஒரு ராத்திரி பக்கெட்டில் வைத்தால் கரியமில வாயு வெளியேறி 8-ஐத் தொடும். பிஎச் 7-இலிருந்து 8-க்கு ஏறினால் அமோனியாவில் விஷமான பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்காகிவிடும். பிடித்த உடனே சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை.

நாலு மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், தீனி பெயருக்கு. அந்த பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும் என் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சை அவர்கள் ஃபில்டருக்குள் சொருகினேன். மீனைக் காப்பாற்றியது அதுதான் என்பேன். அந்த அழுக்கைப் பார்த்து மாப்பிள்ளை முகம் சுளித்தார். குளோரின் போட்ட லாரித் தண்ணீரில் அதை அலசிவிடாமல் தடுப்பதுதான் பெரும்பாடு. அலசுவதானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும்.

கோயம்புத்தூர்

எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீருங்க, பிரச்சினை நேர் தலைகீழ். பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை குறைந்துகொண்டே வரும். மென்மையான தண்ணீரில் அது முதலிலேயே குறைவு, அதனால் பிஎச் மெல்லச் சரியும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாவே சோம்பிவிடும். வலைப்பையில் கொஞ்சம் சிப்பி ஓடு கட்டி ஃபில்டரில் போட்டிருக்கிறேன், பிஎச் சரியாமல் நிற்கிறது.

மார்கழிக் குளிரில் மோலி மீன்களுக்கு ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளி வந்தது. புள்ளிக்குள் இருக்கிற வரை ஒட்டுண்ணியை எந்த மருந்தும் தொடாது. அது வெளியே வந்து பெருகி, குஞ்சுகள் நீந்தும்போதுதான் சாகும். ஹீட்டரை மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றி, ஏர் பம்பைக் கூட்டி, அயோடின் சேராத கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம் போட்டேன். புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடரணுங்க. செடி இருந்தால் உப்பைப் பார்த்துப் போடுங்கள், முதலில் வாடுவது அதுதான்.

யாழ்ப்பாணம்

எங்கட கிணறு சுண்ணாம்புக்கல் கிணறு. தோட்டத்து உரம் இறங்கி நைட்ரேட்டும் தண்ணியிலேயே வருது. அதால எவ்வளவு தண்ணி மாத்தினாலும் அது குறையாது. மணி பிளான்ற் கொடியின்ர வேரைத் தொட்டிக்குள்ள விட்டன், அது கொஞ்சத்தை உறிஞ்சுது. மற்றபடி கப்பி மீனுக்கு இந்த வன்தண்ணி நல்லாய்ப் பிடிச்சுப்போச்சு, குட்டி போட்டுத் தள்ளுது. கோவைக்காரர், உங்கட தண்ணியில கப்பிக் குட்டி தப்புதோ?