புதுப்பிப்பு: அம்மாவின் பித்தப்பை அறுவை சிகிச்சை, மருத்துவ அலட்சியம்தானா?

அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவுக்குப் பித்தநீர் கசிந்ததைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, கசிந்ததே அலட்சியம்தான் என்று உறுதியாகச் சொல்லியிருந்தேன், அதைத் திருத்திக்கொள்கிறேன்.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்ற விதியைச் சுட்டி எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கைக்கு வந்தன. அவற்றைப் படித்த வேறொரு அறுவை சிகிச்சை நிபுணர், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இத்தகைய கசிவு நேரக்கூடும் என்றார். ஆனால் செவிலியர் குறிப்பில் இரண்டு இரவுகள் 102 டிகிரி காய்ச்சல், வயிறு வீக்கம், "டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது" என்ற வரி. அதற்குக் கீழே மருத்துவர் வந்து பார்த்ததற்கோ ஸ்கேன் எழுதியதற்கோ அடையாளமே இல்லை. அந்தப் பக்கத்தை இன்னும் என்னால் பதறாமல் பார்க்க முடியவில்லை.

விளைவு மோசமாக இருப்பதாலேயே அது அலட்சியமாகிவிடாது, அத்துறையில் சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் காட்டும் கவனம் இருந்ததா என்றே பார்க்க வேண்டும் என்பது, 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அளவுகோல். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்பதால் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. இரண்டாண்டுக் காலவரம்பு இருப்பதால், அந்த இரண்டு இரவுகளின் தாமதத்தை மட்டும் முன்வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை வழக்கறிஞர் எழுதிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு வடிகுழாயை எடுத்துவிட்டார்கள், கஞ்சி குடிக்கிறார்.