பட்டாளத்தார் வீட்டு அப்பத்தா, ஆத்தா, அத்தைமார்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

கானாடுகாத்தான் பேரன்:

ஐயா, அதாவது என் தாத்தா, மதராஸ் ரெஜிமென்ட். 1965 சண்டைக்குப் போய் வந்தவர், 2009இல் தவறிவிட்டார். அப்பத்தாவுக்கு 83 நடக்கிறது. பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற பட்டாளத்து ஆன்லைன் ஓய்வூதிய முறைக்கு மாறியதிலிருந்து தொல்லைதான். ஐயா பட்டாளத்திலிருந்து விடுபட்டபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அப்பத்தாவுக்கு ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். பெரிய வித்தியாசம் இல்லை, 'ள்ளி' இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 'லி'. 1963இல் கல்யாணம் முடிந்து லீவிலிருந்து திரும்பிய ஐயா, யூனிட்டில் பெயரைச் சொல்லியிருக்கிறார். எழுதிய வடக்கத்திக்காரர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்.

போன மாதம் காரைக்குடியில் வங்கிக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னார். "ஆச்சி, பட்டாளத்து ரெக்கார்டுல உங்க பேரு தப்பா இருக்கு. ஒரு அஃபிடவிட் குடுத்தா திருத்திடலாம்."

அப்பத்தா மடியில் இருந்த மஞ்சள் பையைப் பிரித்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் தடுமாறாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் பெயர் இருக்கும் வரி மேல் விரலை வைத்தார். "இது அவுக வாயால சொல்லி எழுதுன பேரு. இதைத் தொடாதீக. மத்ததை மாத்திக்கங்க."

பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். "சும்மா இரு அப்பத்தா, ஒண்ணும் தெரியாமப் பேசாத" என்று அதட்டிவிட்டேன். புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். பஸ்ஸில் ஊர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த விரல்தான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ரஸ்தாக்காரன்:

என்னுடையது 1971. எனக்கு 9 வயது. பக்கத்து வீட்டு அத்தைக்குப் படிக்கத் தெரியாது. மாமாவின் கடிதம் வந்தால் நான்தான் படித்துச் சொல்வேன். 99 ஏபிஓ என்று பட்டாளத்துத் தபால் நிலைய எண்தான் அனுப்புநர் முகவரியாக இருக்கும். டிசம்பர் 16ஆம் தேதி சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள், கடிதம் மட்டும் வரவில்லை. பொங்கலுக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தபோது வந்தது.

மூன்றாவது வரியில் "காலில் சின்னக் காயம், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பயப்படாதே" என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். உலக்கையைத் தூக்கிய கை அப்படியே நிற்கிறது. அந்த வரியை விட்டுவிட்டு, "பங்குனியில் லீவு கிடைக்கும்" என்பதற்குத் தாவினேன். "இன்னொருக்கப் படிடா அப்பு" என்றார். இரண்டாம் தடவையும் விட்டுவிட்டேன்.

பங்குனியில் மாமா தேவகோட்டை ரஸ்தாவில் ரயிலை விட்டு இறங்கினார், கம்பு ஊன்றிக்கொண்டு. அத்தை அவர் காலைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளை பெயின்டில் நம்பர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மாமா லீவு முடிந்து போய் எழுதிய அடுத்த கடிதத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்.

சுபேதார் மகள்:

கானாடுகாத்தான் தம்பி, நீங்கள் அதட்டியது தப்பு. நேராகவே சொல்கிறேன். ரஸ்தா அண்ணன் மேல் தப்பே இல்லை, ஒன்பது வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

ஆனால் இரண்டு பேர் எழுதியதையும் படித்தால் பட்டாளத்தார் பெண்டாட்டி என்றாலே காத்துக்கிடந்து கண்ணீர் விட்டவர் என்று ஆகிவிடும். எங்கள் ஆத்தா அப்படி இல்லை. அப்பாவின் மணியார்டரைச் சேர்த்து நிலம் வாங்கியது, கிணறு வெட்டியது, இரண்டு நாத்தனார்களைக் கட்டிக்கொடுத்தது, கொழுந்தனார்களுக்குப் பாகம் பிரித்தது எல்லாம் அவர்தான். அப்பா வருஷத்துக்கு இரண்டு மாதம் வந்துபோகும் விருந்தாளி. திரும்பிப் போகும்போது ஒரு டின் சீப்புச்சீடை, ஒரு டின் மாவுருண்டை.

ஓய்வு பெற்று வந்த மறுநாள் அப்பா பட்டாலையில் உட்கார்ந்துகொண்டு, "சாவியைக் குடு" என்றார். வீட்டில் அத்தனை பேரும் இருந்தோம். ஆத்தா இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எட்டு நாள். நெல் வியாபாரி வந்தார், கூலி கேட்டு ஆள் வந்தது, அப்பாவுக்கு எந்தச் சாவி எதற்கென்று தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலை அப்பாவே அடுப்படி வாசலுக்குப் போய் நின்றார். கொத்தை நீட்டினார். ஆத்தா ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். கை நடுங்கியதை நான் பார்த்தேன். அது சந்தோஷமா, வருத்தமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு ஹவில்தார், திருமயம்:

1999இல் கார்கில் சமயம் நான் மேலே இருந்தேன். குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டு செருப்பை விட்ட என் மனைவி, நான் 2003இல் ஓய்வு பெற்று வரும்வரை சித்திரை வெயிலிலும் போடவில்லை. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

கானாடுகாத்தான் தம்பிக்கு ஒரு முக்கியமான விஷயம். அப்பத்தா சொல்கிறபடி ஆதாரை மாற்றிவிடாதீர்கள். ஆதாரில் பெயர் மாற்ற மொத்தமே இரண்டு முறைதான் அனுமதி. பட்டா, ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பழைய பெயர் இருக்கும், பிறகு ஒவ்வொன்றாக அலைய வேண்டும். சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ என்கிற ஓய்வூதிய ஆணை, ஆதார் மூன்றையும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு எப்படி எழுதுவது என்று அவர்களே சொல்வார்கள். ஆயுள் சான்றுக்கு விரல் ரேகை விழவில்லை என்றால் போனில் முகத்தைக் காட்டியே எடுக்கலாம், வயசானவரை வரிசையில் நிறுத்த வேண்டாம். அப்புறம், 80 முடிந்துவிட்டால் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல் உண்டு. 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, 100 ஆனால் இரு மடங்கு. அப்பத்தாவுக்கு 83 என்கிறீர்கள், அது வருகிறதா? ரெக்கார்டில் பிறந்த தேதி இல்லாமல் எத்தனையோ பேருக்கு வராமல் கிடக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

சுபேதார் மகள்:

அப்பத்தா கேட்டது அதுவா ஐயா? அந்தப் பெயர் அவர் வீட்டுக்காரர் சொன்ன பெயர். அதற்கு ஒரு மதிப்பு இல்லையா?

கானாடுகாத்தான் பேரன்:

இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். 20 சதவீத விஷயம் எனக்குத் தெரியாது, வரவும் இல்லை. நேற்று ராத்திரி அப்பத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வங்கியில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுப்பா" என்றார். அப்புறம், "பொறந்த தேதி எதுலயாவது இருக்கா அப்பத்தா?" என்று கேட்டேன்.

எழுந்துபோய் மஞ்சள் பையை எடுத்து வந்தார். அதே புத்தகம், அதே பக்கம், அதே வரி. இந்தத் தடவை என் கையில் கொடுத்தார். பெயருக்கு எதிரே மங்கிய மையில் நாள், மாதம், 1942. ஐயா அதையும் சொல்லித்தான் எழுத வைத்திருக்கிறார்.