காந்த ரயில் ஏன் புரண்டு விழுவதில்லை?

செங்கோட்டைவாசி:
இரண்டு பழைய ஸ்பீக்கர்களைப் பிரித்து அதிலிருந்த வட்டக் காந்தங்களை மகளிடம் கொடுத்தேன், எட்டாவது படிக்கிறாள். ஒரு மார்க்கர் பேனாவில் இரண்டையும் கோர்த்தாள், மேலே இருந்தது ஒரு விரல் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. பேனாவை உருவியதும் சட்டென்று புரண்டு கீழே இருந்ததோடு டப்பென்று ஒட்டிக்கொண்டது. "அப்போ மிதக்கிற ரயில் மட்டும் எப்படிப்பா புரளாம ஓடுது?" என்கிறாள். ஓடும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்றும் கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆரியங்காவு டீச்சர்:
உங்கள் மகள் பார்த்ததைத்தான் 1842-ல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் கணக்குப் போட்டு நிரூபித்தார்: வெறும் நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும் ஒன்று தானாக அந்தரத்தில் நிலைத்து நிற்காது. சீனாவின் ஷாங்காய் நகரில் ஓடும் காந்த ரயிலைத் தூக்குவது தள்ளுவிசையே இல்லை, இழுவிசைதான். பெட்டியின் அடிப்பாகம் தடத்தின் ஓரத்தை அணைத்தபடி கீழே வளைந்திருக்கும், அதிலுள்ள மின்காந்தங்கள் தடத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்து மேலே இழுக்கும். சும்மா விட்டால் ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியை சென்சார் ஓயாமல் அளந்து, நெருங்கினால் மின்சாரத்தைக் குறைத்து விலகினால் கூட்டுகிறது. மகளின் பேனா செய்த வேலையை அங்கே இந்தக் கட்டுப்பாடு செய்கிறது.

ஜப்பானில் வேறு வழி. பெட்டியில் மீகடத்திக் காந்தம், அதாவது மின்தடையே இல்லாத கம்பியில் சுற்றிய மின்காந்தம், திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரி வரை குளிர வைத்தது. தடத்தின் இருபக்கச் சுவரிலும் '8' என்ற எண்ணின் வடிவில் சுற்றிய காயில்கள். காந்தம் வேகமாகக் கடக்கும்போது காயிலில் மின்சாரம் தூண்டப்படும், பெட்டி தாழ்ந்தால் அதுவே மேலே தூக்கிவிடும். ஏசி மெக்கானிக்கிடம் ஒரு முழம் செம்புக் குழாய் வாங்கி, அதற்குள் நுழைகிற அளவு நியோடிமியம் என்ற பலமான காந்தத்தைப் போடச் சொல்லுங்கள். செம்பில் காந்தம் ஒட்டாது, ஆனாலும் மெதுவாக இறங்கும். அதே விஷயம்தான்.

தென்காசி காயில் கடை:
தூக்குவதை டீச்சர் சொல்லிவிட்டார், ஓட்டுவதை நான் சொல்கிறேன். தினமும் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். த்ரீ ஃபேஸ் மோட்டாரின் ஸ்டேட்டரை, அதாவது காயில் கட்டிய அசையாத வெளிப்பாகத்தை, ஓரிடத்தில் வெட்டி, சுருட்டிய பாயை விரிப்பது போல நீளமாக விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுற்றிக்கொண்டிருந்த காந்தப்புலம் இப்போது நேராக ஓடும், உள்ளே சுழலும் ரோட்டரின் இடத்தில் ரயில். ஃப்ரீக்வென்சியைக் கூட்டினால் வேகம் கூடும். காயில் தடத்தில் இருப்பதால் ரயில் பெரிய மோட்டாரைச் சுமக்க வேண்டியதில்லை. 2015 ஏப்ரலில் ஜப்பான்காரர்கள் மணிக்கு 603 கிலோமீட்டர் தொட்டது இப்படித்தான்.

செங்கோட்டைவாசி:
அருமை அண்ணே. கரண்ட் போனால்?

ஆரியங்காவு டீச்சர்:
ஜப்பான் வண்டி ஓடுகிற வேகத்தில்தான் மிதக்கிறது. மீகடத்தியில் மின்சாரம் குறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் உடனே விழாது. வேகம் குறைந்து மணிக்கு 150 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும்போது ரப்பர் சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். ஷாங்காய் வகைப் பெட்டியில் பேட்டரி உண்டு, தூக்குகிற மின்காந்தங்களுக்கு அது கரண்ட் கொடுக்கும்.

புனலூர் பயணி:
நம் செங்கோட்டை – புனலூர் மலை ரயில் பாதையில் பின்னாலும் ஒரு இன்ஜினை மாட்டித்தான் ஏற்றுகிறார்கள். காந்த ரயிலுக்கு சக்கரம் வழுக்குகிற பிரச்சினையே இல்லை, ஷாங்காய் வகை 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏற்றத்தையும் ஏறும். ஆனால் அந்த வேகத்தில் தென்மலை வளைவுகளில் திரும்ப முடியாது, நேராகக் குடைய வேண்டும். ஜப்பானின் டோக்கியோ – நகோயா காந்த ரயில் பாதையின் 286 கிலோமீட்டரில் பெரும்பகுதி சுரங்கம்தான்.

செங்கோட்டைவாசி:
குழாய் கிடைத்தது டீச்சர். கல்லைப் போட்டால் உடனே விழுகிறது, காந்தம் இறங்குவதற்குள் நாலு எண்ணிவிட்டாள். குழாயை நீளவாக்கில் கீறிவிட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று இப்போது ஆக்ஸா பிளேடு கேட்கிறாள்.