ஏற்றத்தில் எஞ்சின் சூடாகிறது: டெத் வேலி, டையோகா கணவாய் வழியாக இந்த வண்டியில் போகலாமா?

செங்காந்தள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் சான் ஹோசேயில் வசிக்கிறோம். உறவினர் வீட்டு விழாவுக்காக லாஸ் வேகாஸுக்குக் காரிலேயே வந்திருக்கிறோம். திரும்பும்போது டெத் வேலியைக் கடந்து, லோன் பைன், பிஷப், லீ வைனிங் ஊர்களைத் தொட்டு, டையோகா கணவாய் வழியாக யோசெமிட்டிக்குள் இறங்கி வீடு சேர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. செப்டம்பர் மாதக் கடைசி என்பதால் கணவாய்ச் சாலை திறந்திருக்கிறது.

வண்டி பன்னிரண்டு ஆண்டுப் பழையது. டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் பெட்ரோல் செடான், ஆட்டோமேட்டிக் கியர். வரும் வழியில், பேக்கர் ஊரைத் தாண்டி 15ஆம் எண் நெடுஞ்சாலையில் ஹாலோரன் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, எப்போதும் பாதியில் நிற்கும் வெப்பநிலை முள் முக்கால் அளவுக்கு உயர்ந்தது. சிறிது நேரத்தில் ஏசியிலும் குளிர்ச்சி குறைந்துவிட்டது. ஏசியை நிறுத்தி வேகத்தைக் குறைத்ததும் முள் மெல்ல இறங்கியது. சமதளத்திலும், நகர நெரிசலிலும், சிக்னலில் நிற்கும்போதும் இந்தத் தொல்லை இல்லை. வண்டிக்கு அடியில் ஒழுக்கு எதுவும் தென்படவில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் தொட்டியில் அளவு மேல்கோட்டை ஒட்டியே நிற்கிறது.

இங்குள்ள ஒரு பணிமனையில் காட்டினோம். எந்தச் சோதனையும் செய்யாமலே, ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூன்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு பெருந்தொகையை எழுதிக் கொடுத்தார்கள். முள் தானாகவே இறங்கிவிட்டதால் பயப்பட ஒன்றுமில்லை என்பது என் கணவரின் கருத்து. வந்த வழியே பார்ஸ்டோ போய், 58ஆம் எண் சாலையில் டெஹாச்சபி வழியாக வீடு திரும்பிவிடலாம் என்பது என் கருத்து. உண்மையான காரணத்தை வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா? இந்த வண்டியை நம்பி மலை ஏறலாமா?

ஸ்பேனர்

சகோதரி, நான் கலிபோர்னியாவில் வாகனப் பழுதுநீக்கும் தொழிலில் இருப்பவன். நீங்கள் அறிகுறிகளைத் தெளிவாக எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது.

முதலில், முள் பொய் சொல்லவில்லை. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால் பல வண்டிகளில் கணினியே ஏசி கம்ப்ரசரைத் துண்டித்துவிடும். உங்கள் ஏசி குளிர்ச்சி இழந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். மேலும், இக்கால வண்டிகளின் முள் ஒரு பரந்த வெப்பநிலை வரம்பு முழுவதற்கும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், அது நகரத் தொடங்கும்போதே எஞ்சின் தன் இயல்பைக் கடந்துவிட்டது என்று பொருள். ஆகவே உங்கள் கணவரின் நிம்மதியை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து, நின்றால் சூடாகிறதா, ஏறினால் சூடாகிறதா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. சிக்னலில் சூடானால் மின்விசிறியைச் சந்தேகிக்க வேண்டும். உங்களுக்கு நெடுஞ்சாலை ஏற்றத்தில்தான் சூடாகிறது. அந்த வேகத்தில் விசிறியே இல்லாவிட்டாலும் காற்று தானாக வந்து மோதும். எனவே குறை கூலன்டின் அளவிலோ, அதன் ஓட்டத்திலோ, அழுத்தத்திலோ, ரேடியேட்டரின் தகடுகளிலோ இருக்க வேண்டும். இந்த நான்கில் மூன்றை நீங்களே பார்த்துவிடலாம்.

நாளைக் காலை, எஞ்சின் இரவு முழுவதும் ஆறிய பிறகு, ரேடியேட்டரின் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது அதைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். கூடுதல் தொட்டி நிறைந்திருப்பதை நம்பாதீர்கள். எஞ்சின் சூடாகும்போது விரியும் கூலன்ட், மூடியிலுள்ள வால்வு வழியாகத் தொட்டிக்குப் போகிறது. ஆறும்போது அதே மூடியின் இன்னொரு சிறு வால்வு அதைத் திரும்ப உள்ளே இழுக்க வேண்டும். அந்த வால்வோ ரப்பர் வளையமோ கெட்டிருந்தால், தொட்டி நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருக்கும். பிறகு, விளக்கடித்து, ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் உள்ள ஏசி கண்டென்சருக்கும் இடையில் பூச்சி, தூசி, பஞ்சு அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைந்த குழாய் நீரால் கழுவலாம்.

உதிரிபாகக் கடையில், வண்டியின் கணினியிலுள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று மலிவாகக் கிடைக்கும். அதைப் பொருத்திவிட்டால் கூலன்டின் வெப்பநிலை எண்ணாகவே தெரியும். பிறகு முள்ளைப் பார்க்கத் தேவையில்லை.

கிழக்குச்சரிவு

நான் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் வசிக்கிறேன்; டெத் வேலியைக் கடக்கும் 190ஆம் எண் சாலை எனக்குப் பழக்கமான சாலை. டெத் வேலி என்றவுடன் எல்லோரும் 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் க்ரீக்கில் பதிவான 56.7 செல்சியஸைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் பள்ளத்தாக்குத் தரையில் ஓட்டுவது வண்டிக்குப் பெரிய சுமை அன்று; சாலை சமதளம். சோதனை அதற்குப் பிறகுதான் வருகிறது. ஸ்டவ்பைப் வெல்ஸ் ஏறத்தாழக் கடல்மட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து இருபது மைலுக்கும் குறைவான தூரத்தில் டவுன் கணவாய், அதாவது 4,956 அடி. ஏறி முடித்தவுடன் பானமின்ட் பள்ளத்தாக்குக்குச் செங்குத்தாக இறங்கி, மறுபடியும் ஃபாதர் க்ரௌலி காட்சிமுனைப் பக்கமாக ஏற வேண்டும். கடலுக்கு 282 அடி கீழே உள்ள பேட்வாட்டரில் காலையில் நின்றுவிட்டு, டையோகா உச்சியின் 9,943 அடியை எட்டுகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சகோதரி சொல்லும் மாற்று வழியும் ஏற்றமில்லாத வழி அன்று. வேகாஸிலிருந்து 15இல் கிளம்பினாலே 4,700 அடிக்கு மேல் உள்ள மவுன்டன் பாஸ் உச்சியைக் கடக்க வேண்டும், பிறகு டெஹாச்சபி. ஆகவே எந்த வழியில் போனாலும் வண்டியைச் சரிசெய்துவிட்டே கிளம்ப வேண்டும். வேறுபாடு என்னவென்றால், அங்கே வண்டி நின்றால் தொலைபேசி வேலை செய்யும். டெத் வேலித் தேசியப் பூங்காவின் பெரும்பகுதியில் செய்யாது.

டெத் வேலித் திட்டத்தில் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு. வேகாஸிலிருந்து 160ஆம் எண் சாலையில் பாரம்ப் ஊருக்குப் போகும் வழியிலேயே 5,500 அடிக்கு அருகில் மவுன்டன் ஸ்பிரிங்ஸ் உச்சி வருகிறது. நகரை விட்டு விலகுவதற்கு முன்பே வண்டியை அங்கே சோதித்துவிடலாம். அந்த ஏற்றத்தில் எண் உயர்ந்தால் தயங்காமல் திரும்பிவிடுங்கள்.

பழைய டீசல்

ஒரு சந்தேகத்தை யாரும் எழுப்பவில்லை. சுமை ஏறும்போது மட்டும் சூடாவது ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்மூடிக்கும் உடற்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பழுதின் தொடக்க அறிகுறியாகவும் இருக்கலாம். எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறதா என்பதைக் காட்டும் நீல நிறத் திரவச் சோதனை இருக்கிறது. வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். அதைச் செய்யாமல் பாலைவனத்துக்குள் போகச் சொல்வது சரியன்று.

செங்காந்தள்

இருவரின் அறிவுரையையும் பின்பற்றினோம். காலையில் மூடியைத் திறந்தபோது, ஸ்பேனர் அண்ணா சொன்னபடியே, தொட்டி நிறைந்திருக்க, ரேடியேட்டரின் கழுத்தில் கூலன்டே கண்ணுக்குத் தெரியவில்லை. மூடியின் ரப்பர் வளையம் வெடித்துக் கல்லைப் போல இறுகியிருந்தது. தகடுகளுக்கிடையிலும் பூச்சியும் பஞ்சும் அடைந்திருந்தன.

உதிரிபாகக் கடையில் அதே அழுத்த எண் கொண்ட புதிய மூடியையும், வண்டியின் கையேட்டில் குறிப்பிட்ட வகைக் கூலன்டையும் வாங்கி நிரப்பினோம். நீலத் திரவச் சோதனைக் கருவியை அந்தக் கடையிலேயே முன்பணம் பெற்றுக்கொண்டு இரவலாகத் தந்தார்கள். திரவத்தை மட்டும் விலைக்கு வாங்கினோம். நிறம் மாறவில்லை.

ஆனாலும் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. ஒரு சிறிய மூடி இவ்வளவு பெரிய தொல்லையைத் தருமா? டையோகாவில் குளிராகத்தானே இருக்கும். டெத் வேலியைத் தாண்டிவிட்டால் கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஸ்பேனர்

தரும், சகோதரி. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை அந்த மூடியில்தான் இருக்கிறது.

பாதிக்குப் பாதி நீர் கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 செல்சியஸில் கொதிக்கும். 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அழுத்தத்தைத் தாங்கும் மூடி இறுகப் பிடித்திருந்தால், அதே கலவை ஏறத்தாழ 129 வரை கொதிக்காது. உங்கள் பழைய மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. அதனால் கடும் ஏற்றத்தில் எஞ்சினின் மிகச் சூடான பகுதிகளில் கூலன்ட் ஆவியாகி, தன் இடத்தைவிட்டுத் தொட்டிக்குத் தள்ளப்பட்டது. ஆறிய பின் திரும்பி வரவும் வழியில்லை. ஒவ்வொரு ஏற்றமும் ரேடியேட்டரை இன்னும் சிறிது காலியாக்கியிருக்கும்.

இப்போது உயரத்துக்கு வருவோம். பத்தாயிரம் அடியில் வெறும் நீரே 90 செல்சியஸை ஒட்டிக் கொதித்துவிடுகிறது. மூடி கெட்டிருந்தால் உங்கள் கூலன்ட் அங்கே நூறுக்குள்ளாகவே கொதிக்கத் தொடங்கும். அது எஞ்சின் வழக்கமாக இயங்கும் வெப்பநிலைக்கு மிக அருகில் இருக்கிறது. மூடி மாற்றாமல் போயிருந்தால், பாலைவனத்தில் தப்பித்த வண்டி, ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் குளிரில் கொதித்திருக்கக்கூடும். நல்ல மூடி இருந்தாலும் மேலே காற்றின் அடர்த்தி குறைவு. தகடுகளிலிருந்து வெப்பத்தை அது குறைவாகவே எடுத்துச் செல்லும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ மூன்று விழுக்காடு வலுவையும் இழக்கும். ஆகவே டையோகாவில் வண்டி இழுக்கவில்லை என்று ஆக்சிலரேட்டரை அழுத்திப் பிடிக்காதீர்கள். கீழ்க் கியரில் நிதானமாக ஏறட்டும்.

வழியில் எண் 110ஐத் தாண்டினால் ஏசியை நிறுத்துங்கள். 115ஐத் தாண்டினால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஹீட்டரை முழுமையாகப் போடுங்கள்; அதுவும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். அப்படியும் இறங்காவிட்டால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்திவிடுங்கள். பழைய டீசல் அவர்கள் கேட்ட சோதனை அவசியமானதே, செய்துவிட்டது நல்லது.

கிழக்குச்சரிவு

ஸ்டவ்பைப் வெல்ஸை முடிந்தவரை காலையிலேயே விட்டுக் கிளம்பிவிடுங்கள். செப்டம்பர் கடைசியிலும் அங்கே பிற்பகல் நாற்பது செல்சியஸை ஒட்டியே இருக்கும். குடிக்க ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் நீர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. வண்டிக்கு வைக்கும் நீர் அதில் சேராது. ஃபர்னஸ் க்ரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பானமின்ட் ஸ்பிரிங்ஸ் மூன்றிலும் பெட்ரோல் கிடைக்கும் என்றாலும் விலை அதிகம், பாரம்பிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ரேஸ்ட்ராக் எனும் வறண்ட ஏரிப் பக்கம் திரும்பும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், அது செடானுக்கான பாதை அன்று. எங்கேனும் வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகாதீர்கள்.

செங்காந்தள்

லோன் பைனில் தங்கியிருக்கிறோம். விட்னி சிகரம் ஜன்னலிலேயே தெரிகிறது. மவுன்டன் ஸ்பிரிங்ஸ் ஏற்றத்தில் எண் 97ஐத் தாண்டவில்லை. டவுன் கணவாயில் ஏசியை நிறுத்தி நாற்பது மைல் வேகத்தில் ஏறினோம். உச்சிக்குச் சற்று முன்பு 104 வரை போய், இறக்கம் தொடங்கியதும் சரசரவென்று இறங்கிவிட்டது. இன்று காலை மூடியைத் திறந்து பார்த்தேன், கழுத்து வரை கூலன்ட் இருந்தது.

ஆனால் பானமின்ட் பள்ளத்தாக்குக்கு இறங்கி முடித்தபோது முன்சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. பிரேக் மிதியும் சற்று ஆழமாக இறங்கியதாக என் கணவர் சொல்கிறார். யோசெமிட்டிக்குள் இன்னும் நீண்ட இறக்கம் இருக்கிறதே?

ஸ்பேனர்

டி கியரிலேயே இறங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இறக்கம் தொடங்கும் முன்பே எல் அல்லது 2க்கு மாற்றி, வேகத்தை எஞ்சின் பிடித்து நிறுத்தும்படி விடுங்கள். பிரேக்கை மெல்லத் தொட்டுக்கொண்டே இராமல், வேகம் மிஞ்சும்போது மட்டும் உறுதியாக அழுத்திக் குறைத்துவிட்டு முழுவதும் விடுங்கள். இடைவெளியில் அது ஆறும்.

மிதி ஆழமாக இறங்கியதுதான் எனக்குக் கவலை. பிரேக் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைக்குப் புதியதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதி தரையைத் தொடும். பிஷப்பில் எண்ணெயைப் புதிதாக மாற்றி, பேடுகளின் தடிமனையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய வேலை அன்று. அதை முடிக்காமல் டையோகா ஏற வேண்டாம்.

செங்காந்தள்

பிஷப்பில் எண்ணெய் மாற்றினோம். பழையது தேநீர் நிறத்தில் இருந்தது. பேடுகள் போதுமான தடிமனில் இருக்கின்றன. டையோகாவை லீ வைனிங் பக்கமிருந்து 2ஆம் கியரில் ஏறி இறங்கிவிட்டோம். எண் 101, வாடை இல்லை, மிதியும் உயரத்திலேயே நின்றது. அந்த மூன்று பாகங்களையும் ஊருக்குப் போனபின் மாற்ற வேண்டுமா, அண்ணா?

ஸ்பேனர்

இப்போதைக்கு வேண்டாம். ஊரில் ரேடியேட்டர் கழுத்தில் கைப்பம்ப்பைப் பொருத்தி அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். மூடியில் அச்சிட்டுள்ள அளவுக்கு அழுத்தம் ஏற்றிப் பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் ரேடியேட்டரிலோ பம்ப்பிலோ வெளிக்கசிவு இல்லை. தெர்மோஸ்டாட் மட்டும் வயதாகியிருக்கிறது. அடுத்த முறை கூலன்ட் மாற்றும்போது அதையும் சேர்த்து மாற்றிவிடலாம்.