ஜப்பானிய இசைக்குழு சதர்ன் ஆல் ஸ்டார்ஸின் பாடல்கள்: மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

வடக்குவாசல்:

செண்டாயில் எங்கள் பிரிவின் ஆண்டிறுதி விருந்து முடிந்து, வழக்கம்போல் கரோக்கே அறைக்குப் போயிருந்தோம். டோக்கியோவிலிருந்து மாற்றலாகி வந்திருந்த இளைஞர் ஒருவர் 'சுனாமி'யைத் தேர்ந்தெடுத்துவிட்டார். மற்ற ஊர்களில் அந்தப் பாடல் தொடங்கினால் அறை முழுவதும் சேர்ந்து பாடும். 2011இல் ஆழிப்பேரலை தாக்கிய இந்த வட்டாரத்திலோ திரையில் தலைப்பு தெரிந்ததுமே பேச்சு நின்றது. யாரும் எதுவும் சொல்லாமலேயே அவருக்கு விளங்கிவிட்டது, பாட்டை நிறுத்தும் பொத்தானைத் தேடத் தொடங்கினார். அப்போது கணக்குப் பிரிவின் மூத்த ஊழியர், அந்தப் பேரலையில் பெரிதும் அழிந்த இஷினோமாக்கியைச் சேர்ந்த அம்மையார், எங்களிடம் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவர், ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து வாங்கி, உட்கார்ந்தபடியே முழுப் பாடலையும் பாடினார். ஒரு முறைகூடத் திரையைப் பார்க்கவில்லை. பாடி முடித்ததும் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாங்கள் அனைவரும் பிரிவுத் தலைவரின் முகத்தைப் பார்த்தோம். அவர் தம் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மையாரோ ஒலிவாங்கியை அடுத்தவரிடம் நீட்டி, பட்டியலில் அடுத்து யார் என்று கேட்டார். அந்த இளைஞரைக் காப்பாற்றப் பாடினாரா, தமக்காகவே பாடினாரா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அலைகடல்:

வடக்குவாசல் அவர்களே, அந்த அறையின் மௌனத்தை நீங்கள் ஏதோ ஊர்வழக்கம் போலச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அது ஒரு காதல் பாடல். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்து, இருபது லட்சத்துக்கும் மேல் விற்று, அந்த ஆண்டின் ஜப்பான் இசைத்தட்டு விருதையும் பெற்றது. 2011 மார்ச் 11 பேரலைக்குப் பிறகு அதை யாரும் தடை செய்யவில்லை. வானொலிகள் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன. அந்த ஒதுக்கத்தால் யாருக்கு ஆறுதல் கிடைத்தது என்பதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

என் அனுபவம் ஓனகாவாவில் நேர்ந்தது. சுமார் பத்தாயிரம் பேர் வாழ்ந்த அந்த மீன்பிடி ஊர் எண்ணூறுக்கும் மேற்பட்டோரைக் கடலுக்குக் கொடுத்திருந்தது. பேரிடருக்கு அடுத்த மாதமே ஊரார் தொடங்கிய தற்காலிக வானொலி 2016 மார்ச் 29 அன்று விடைபெற்றது. நான் தங்கியிருந்த விடுதியின் அடுக்களையில் அந்த ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பாடலாக அவர்கள் ஒலிக்கவிட்டது 'சுனாமி'யைத்தான். மீன் அரிந்துகொண்டிருந்த விடுதிக்காரர் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒலியைக் கூட்டினார். பாதிக்கப்பட்ட ஊரே கேட்க விரும்பும்போது, பாதிக்கப்படாதவர்கள் ஏன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்?

கீழைக்காற்று:

அலைகடல் சொல்வதில் பாதிதான் சரி. ஓனகாவாவினர் தம் வானொலியில், தாமே தேர்ந்தெடுத்து ஒலிக்கவிட்டார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் விருந்தில் தேர்ந்தெடுப்பது அதற்கு ஈடாகாது. பாடலை எழுதிய, குழுவின் பாடகர் குவாட்டா கெய்சுகேயே இந்த வேறுபாட்டை அறிந்தவர். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு 2010இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர், 2011 செப்டம்பரில் மியாகி மாநிலத்தில் பாடினார். அந்த அரங்கு சில மாதங்களுக்கு முன்பு இறந்தவர்களின் உடல்களை வைத்திருந்த இடம். அங்கே அவர் 'சுனாமி'யைப் பாடவில்லை. அதை நான் கோழைத்தனம் என்று கருத மாட்டேன்.

என் கதை சிறியது. குவாட்டாவின் சொந்த ஊரான சிகசாக்கியின் ரயில் நிலையத்தில், 2014 அக்டோபர் முதல், வண்டி புறப்படும்போது அவர்களுடைய 'கிபோ நோ வதாச்சி' பாடலின் மெட்டு ஒலிக்கிறது. ஊர்மக்கள் முயன்று பெற்றது. ஒரு நாள் நடைமேடையில் பெரியவர் ஒருவர் கதவு திறந்திருந்தும் ஏறாமல், கண்ணை மூடி நின்றிருந்தார். வண்டி தாமதமோ என்னவோ, ஊழியர் மெட்டை நடுவிலேயே நிறுத்திவிட்டார். பெரியவர் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, வண்டியைப் போகவிட்டு, அடுத்த வண்டிக்காக அங்கேயே நின்றார். நானும் அவரோடு நின்றேன். அடுத்த முறையும் மெட்டு முழுதாக ஒலிக்கவில்லை.

பினாங்குப்பையன்:

பேச்சு ஒரே பாடலைச் சுற்றுவதால் வேறொன்றைச் சொல்கிறேன். ஜார்ஜ் டவுனில் எங்கள் தெருக் காப்பிக் கடையில் சீனப் பெரியவர் ஒருவர் ஹாங்காங் பாடகர் ஜாக்கி சியுங்கின் கன்டோனியக் காதல் பாடல் ஒன்றை எப்போதும் முணுமுணுப்பார். அது 1990இல் சதர்ன் வெளியிட்ட 'மனாட்சு நோ கஜிட்சு' என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கைப்பேசியில் மூலப் பாடலை ஒலிக்கவிட்டேன். முன்னிசை முடியும்வரை புன்னகைத்துக்கொண்டிருந்தவர், குவாட்டாவின் கரகரத்த குரல் வந்ததும் முகம் சுளித்து, "இவன் ஜாக்கியின் பாட்டைக் கெடுத்துவிட்டானே" என்றார். திருத்த மனம் வரவில்லை. சதர்னின் 'இதோஷி நோ எல்லி'யை 1989இல் அமெரிக்கப் பாடகர் ரே சார்லஸ் ஆங்கிலத்தில் பாடி, அது ஜப்பானிய விஸ்கி விளம்பரமாக ஓடியபோதும், மூலத்தை அறியாத எத்தனை பேர் இப்படிச் சொல்லியிருப்பார்களோ!

மெல்லிசைப்பித்தன்:

நானும் ஒரு முறை ஒசாக்காவில் 'எல்லி'யைப் பாடினேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் கதவைத் தட்டி, கைகுலுக்கிவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

ஆனால் இங்குள்ளவர்கள் பாட முயல்வதாக இருந்தால் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். குவாட்டா ஜப்பானிய மொழியை ஆங்கிலப் பாடலைப் போல நாவில் உருட்டிப் பாடுபவர்; ஆகவே ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் பாடம் செய்தால் பாதிச் சொற்கள் தவறிவிடும். முதலில் ஜப்பானிய அசையெழுத்தான கானாவில் வரிகளை வைத்துக்கொண்டு, அசைக்கு ஒரு தாளம் என்று நிதானமாகப் படித்துவிட்டு, அதன் பிறகே அவருடைய உருட்டலைப் பின்பற்ற வேண்டும். ரோமன் எழுத்தை நம்ப வேண்டாம். நெடில் எங்கே, குறில் எங்கே என்பது அதில் பெரும்பாலும் தெரியாது, தமிழ்க் காதுக்கு அந்த வேறுபாடு எளிதில் பிடிபடும் என்றாலும். கருவியில் சுருதியைக் குறைத்துக்கொள்ளத் தயங்கக் கூடாது, ஜப்பானியர்களே குறைத்துக்கொள்கிறார்கள். 1978இன் முதல் பாடலான 'கத்தே நி சிந்துபாத்'தைத் தொடக்கநிலையினர் தொடவே கூடாது, அதன் வேகத்தில் மூச்சு வாங்க இடமே இல்லை. 'எல்லி'யில் தொடங்குங்கள், பிறகு 'மனாட்சு', அதன் பிறகு 'நமிதா நோ கிஸ்' என்று போகலாம். சைக்கிள் பழகுபவர் மேட்டுத் தெருவில் தொடங்குவதில்லை.

குளிர்காலப் பறவை:

மெல்லிசைப்பித்தன் ஐயா, பாடும் முறையை யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. மேலும் 'சிந்துபாத்'தைத் தொடக்கூடாது என்பது தவறான அறிவுரை. மணி என்ன என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் மழுப்பலாகப் பதில் சொல்லும் இடம் வந்துவிட்டால், சுருதி தெரியாதவரும் அதில் சேர்ந்துகொள்ளலாம். குழுவே அதைக் கடைசியில் பாடுவதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

2018 டிசம்பர் 31, ஹெய்செய் என்னும் பேரரசர் ஆட்சிக் காலத்தின் கடைசிக் கொஹாக்கு, அதாவது ஆண்டிறுதித் தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சி. என் மாமனார் பழைய பாணி எங்காப் பாடல்கள் தவிர வேறெதையும் பாட்டென்று ஒப்புக்கொள்ளாதவர். 1978இல் அரைக்கால் சட்டையோடு தொலைக்காட்சியில் குதித்த அந்த மாணவர்களைப் பற்றி அவர் சொல்லும் சொற்களை இங்கே எழுத முடியாது. அன்றிரவு இறுதியில் சதர்ன் மேடையேறியபோது, எழுந்து குளிக்கப் போகிறேன் என்றார். அதற்குள் பாடகி மத்சுதோயா யூமி குவாட்டாவோடு ஆடத் தொடங்கிவிட்டார். மாமனார் வணங்கும் எங்காப் பாடகர் கிதாஜிமா சாபுரோவும் அதே மேடையில் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தார். மாமனார் துண்டைத் தோளில் போட்டபடியே நின்றுவிட்டார். மணி கேட்கும் இடம் வந்ததும், வாய்க்குள்ளாகவே, ஆனால் தாளம் தப்பாமல், பதிலைச் சொன்னார்! நாற்பது ஆண்டுகளாகத் திட்டிய பாடல் அவருக்கு வரிக்கு வரி தெரிந்திருக்கிறது. நான் பார்ப்பதைக் கண்டதும் இருமினார். அடுக்களையிலிருந்த மாமியார், யாரோ உண்மையாகவே மணி கேட்கிறார்கள் என்று எண்ணி, பன்னிரண்டாகப் போகிறது, சோபா நூடுல்ஸ் ஆறுகிறது, இரண்டு பேரும் வாருங்கள் என்றார்.