மறு: ‘லைஃப் காஸ்டிங்’ (உயிருள்ளவர் உடலில் அச்செடுத்துப் படி செய்தல்) – கலைச்சொல் என்ன?

> ‘உயிர்வார்ப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

காதுக்கு நன்றாக இருக்கிறது, வேலையோடு ஒட்டவில்லை. புருவத்தில் வாசலின் தடவி, மூக்குத் துளைகளை மட்டும் விட்டுவிட்டு, அல்ஜினேட் (நீரில் குழைத்தால் இறுகும் அச்செடுப்புத் தூள்) குழைவை முகத்தில் அப்புகிறோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் பாதி முகத்திலேயே இறுகிவிடும். இறுகியதன்மேல் புதுக் குழைவு ஒட்டாது. இறுகிய பிறகும் தொளதொளவென்றுதான் இருக்கும், அதனால் மேலே இரண்டு மூன்று அடுக்கு பிளாஸ்டர் கட்டுத்துணி. கழற்றிய கையோடு ஜிப்சம் ஊற்ற வேண்டும். நீர் வற்ற வற்ற அச்சு சுருங்கி முகமே சிறுத்துப்போகும்.

வார்ப்பது இந்தக் கடைசிக் கட்டம் மட்டும்தான். பிரிட்டிஷ் சிற்பி ஆண்டனி கோர்ம்லியின் 1980களின் ஈய உருவங்களில் அதுவும் இல்லை. அவர் உடலில் எடுத்த பிளாஸ்டர் கூட்டின்மேல் ஈயத் தகட்டைத் தட்டிப் படியவைத்து, விளிம்புகளைப் பற்றவைத்தது அது. உள்ளே இருப்பது ஆள் நின்ற வெற்றிடம்.

குழிவானதற்கு ‘உடலச்சு’, அதிலிருந்து கிடைப்பதற்கு ‘உடற்படி’. ஊற்றி எடுத்தால் மட்டும் ‘உடல்வார்ப்பு’.

—

> ‘உடற்படி’

அவசரத்தில் ‘உடன்படி’ என்று வாசிப்பார்கள், ஐயா. ‘மெய்ப்படி’ இன்னும் பொருந்தாதா? மெய் என்றால் உடலும்தானே.

—

அம்மா, ‘மெய்ப்பு’ அச்சகத்தார் பிழைதிருத்தத்துக்கு எப்போதோ எடுத்துக்கொண்ட சொல், ‘மெய்ப்படி’ அதோடு குழம்பும். அதைவிடப் பெரிய தடை, மெய் என்றால் உண்மையும்கூட. இந்தப் படிக்கு அது கொஞ்சம் அதிகம். கண் மூடியே இருக்கும், திறந்த விழி வேண்டுமானால் பிறகு செதுக்க வேண்டும். குழைவின் கனத்தில் கன்னம் சற்றுத் தொங்கும். கண்ணாடியில் பார்த்துப் பழகிய இடவலம் வேறு இதில் மாறிவிடும்: நம்மைப் பிறர் பார்க்கும் முகம் அது. தன் முகத்தையே வேற்றாள்போல் பார்ப்பது இதனால்தான். அந்த அந்நியத்தன்மைதான் கலைஞர்களுக்கு வேண்டியதும்.

அமெரிக்கக் கலைஞர் ஜானின் ஆன்டனி 1993இல் தன்னை அச்செடுத்து, சாக்லேட்டில் 7, சோப்பில் 7 என மார்பளவுச் சிலைகள் செய்தார். சாக்லேட்டை நக்கியும் சோப்பைக் கழுவியும் மூக்கும் உதடும் மழுங்கும்வரை தேய்த்தார். தேயக்கூடிய ஒன்றை ‘படி’ என்பது சரி. ‘மெய்’ என்றால் இடிக்கும்.

‘உடன்படி’ குழப்பத்துக்கு, முதல்முறை வரும் இடத்தில் ‘உடல்-படி’ என்று பிரித்து எழுதினால் போதும். வினை ‘உடலச்சு எடு’. ‘உடலச்சிடு’ வேண்டாம், பச்சை குத்துவதுபோல் ஒலிக்கிறது.