ஹைபிரிட் கார் வாங்கியதற்கு வருமான வரியில் கழிவு உண்டா?

வெள்ளவத்தை ஒழுங்கை:
வணக்கம். கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் கம்பனியில் வேலை. சம்பளம் ஆண்டுக்கு 18 இலட்சத்தைத் தாண்டுவதால் மாதாமாதம் ஏபிட் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) வெட்டுகிறார்கள். அதைவிட, வீட்டிலும் தெகிவளையிலும் ஏ.எல். பிள்ளைகளுக்கு இரசாயனவியல் ரியூஷன். போன ஆவணியில் லீசிங்கில் ஒரு பழைய டொயோட்டா அக்வா ஹைபிரிட் எடுத்தேன். நியூ ஜேர்சியில் இருக்கும் அத்தான் 2006இல் பிரியஸ் வாங்கியபோது 3,000 டொலருக்கு மேல் வரி குறைந்ததாம். "ஹைபிரிட் என்றால் கட்டாயம் ஏதாவது இருக்கும், விடாதே" என்கிறார். ராமிஸில் (இறைவரித் திணைக்கள இணையத்தளம்) வரி ரிட்டர்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டேன். சோலருக்குக் கட்டம் இருக்கிறது, காருக்குக் காணவில்லை. எங்கே போடுவது?

சும்மா வந்தவன்:
கட்டம் இல்லையென்றால் கழிவும் இல்லை. இவ்வளவுதான் மச்சான்.

பேரேடு:
தம்பி, அத்தான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது அமெரிக்கச் சட்டம். 2006இல் பிரியஸுக்கு 3,150 டொலர், அதுவும் வருமானத்தில் அல்ல, கட்டவேண்டிய வரியிலேயே கழித்தார்கள். ஒரு கம்பனி 60,000 ஹைபிரிட் விற்றபின் சலுகை படிப்படியாகக் குறையும் என்பது விதி. டொயோட்டா அந்த ஆண்டு நடுப்பகுதியிலேயே அதைத் தாண்டிவிட்டது. ஒக்டோபரில் வாங்கியவர்களுக்குப் பாதிதான். அத்தான் செப்டெம்பர் முடியுமுன் வாங்கியிருக்க வேண்டும், கெட்டிக்காரர்.

இங்கே இலங்கையில் ஹைபிரிட் சலுகை சுங்கத்தோடு சரி. இறக்குமதி செய்யும்போது உற்பத்தி வரி அதே சீசீ பெற்றோல் காரைவிடக் குறைவு. உங்கள் அக்வாவுக்கு அது எப்போதோ கொடுபட்டு, விலைக்குள்ளே போய்விட்டது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் எஞ்சின் எந்த வகை என்பது ஒரு பொருட்டே இல்லை. வண்டி எதற்கு ஓடுகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

சம்பளத்துக்கு எதிராக எந்தச் செலவும் கழிக்க முடியாது. கந்தோருக்குப் போய்வரும் பெற்றோல், லீசிங் கட்டுப்பணம், காப்புறுதி எதுவுமே. ரியூஷன் வருமானம் வேறு கதை, அது தொழில் வருமானம். வீட்டிலிருந்து தெகிவளை வகுப்புக்குப் போய்வரும் பெற்றோல் பங்கைச் செலவாகக் காட்டலாம். ஆனால் காரின் விலைக்கு மூலதனப் படி (வாங்கிய விலையைச் சில ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிப்பது) கிடையாது. சாதாரண கார்களைச் சட்டம் அதிலிருந்து விலக்கியிருக்கிறது. வர்த்தக வாகனமாக இருக்க வேண்டும்: அரைத் தொன்னுக்கு மேல் சுமை அல்லது 13 பேருக்கு மேல் ஏற்ற வடிவமைத்தது, இல்லாவிட்டால் போக்குவரத்து அல்லது வாடகை வாகனத் தொழிலில் ஓடுவது. அக்வாவில் 14 பேரை ஏற்றலாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் 😄

வெள்ளவத்தை ஒழுங்கை:
நன்றி அண்ணா. அப்படியானால் சனி ஞாயிறில் பிக்மீ வாடகை கார் செயலியில் ஓட்டினால்?

பேரேடு:
அந்தப் பங்குக்குக் கிடைக்கும். படி 5 ஆண்டுகளில் சமமாகப் பிரியும். முழுநேரமும் வாடகைக்கு ஓடும் 60 இலட்ச ரூபாய்க் கார் என்றால் ஆண்டுக்கு 12 இலட்சம். உங்களுடையது வார நாளெல்லாம் கந்தோர் வாசலில் நிற்பதால் சொந்தப் பாவனையைக் கழித்துவிட்டு மிச்சம்தான். வாடகை வருமானத்தையும் காட்ட வேண்டும், விற்கும்போது எடுத்த படியும் கணக்குக்கு வரும். வரிக்காக மட்டும் இதில் இறங்காதீர்கள். கிலோமீட்டர் ஏறினால் பற்றரிக்கும் செலவு வரும்.

கொட்டாஞ்சேனைச் சாரதி:
நான் அக்வாவில்தான் ஹயர் ஓடுகிறேன். அண்ணர் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: பெற்றோல் செட்டில் தரும் பில் டாஷ்போர்ட்டில் கிடந்தால் வெயிலில் வெள்ளைத் தாளாகிவிடும். கையில் வாங்கியதும் ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள், மீற்றரும் தெரிகிற மாதிரி. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் வாங்கினால் வாகன இலக்கம் எழுதிய பில் கேளுங்கள். கேட்டால்தான் எழுதுவார்கள்.

வெள்ளவத்தை ஒழுங்கை:
ரிட்டர்ன் கடைசித் திகதி நவம்பர் 30தானே? அந்தச் சோலர் கட்டம் எனக்குப் பயன்படுமா?

பேரேடு:
ஆம், மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கு அதே வருட நவம்பர் 30. சோலருக்கு ஆண்டுக்கு 6 இலட்சம் வரை கழிக்கலாம். பனல் தேசிய மின்கட்டமைப்போடு இணைந்திருக்க வேண்டும். வங்கிக் கடனில் போட்டிருந்தால் அந்தக் கடனுக்குக் கட்டும் பணமும் சேரும். கூரை உங்களுடையதா?

வெள்ளவத்தை ஒழுங்கை:
வாடகை அனெக்ஸ், மேலே வீட்டுக்காரர். சரி, பெற்றோல் பில்லையே தேடுகிறேன்.